தொட்டிக்குள் இறங்கும் விளக்கு

(மாணவர்களும் தொழிற்சங்கத் தோழர்களும் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



கவிதை வாசிப்பான் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்கணும். இன்றைக்குக் கவிதை இல்லை. ஒரு விளக்கைப் பற்றிப் பேசப் போறேன். கையில் எடுத்துப்போகிற விளக்கு. ஹேண்ட் லேம்ப் என்கிறோம், டார்ச் என்கிறோம், நெற்றியில் கட்டினால் ஹெட் லைட். தொட்டிக்குள்ளும் குழிக்குள்ளும் கப்பலின் அடிவயிற்றிலும் இறங்கி வேலை செய்கிறவன் கையில் எந்த விளக்கு இருக்கணும், அதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

நான் வங்கிக் குமாஸ்தா. எனக்கும் விளக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சில வருஷங்களுக்கு முன்னால் என் கவுண்டருக்கு ஓர் அக்கா வந்தார். கையில் எட்டு லட்சத்துக்குக் காசோலை. வாடிக்கையாளர் கணக்கை வெளியே பேசுவது எங்கள் வேலையில் குற்றம். அவர் சம்மதித்த பிறகுதான் பேசுகிறேன், பேரும் ஊரும் கேட்காதீர்கள். பாலாற்றங்கரையில் எங்கள் பக்கத்துச் சேரி அவருக்கு. கணவர் ஒரு தொழிற்சாலையில் கான்ட்ராக்ட் ஆள். ரசாயனத் தொட்டி ஒன்றின் உட்புறத்துக்குப் பெயிண்ட் அடிக்க இறக்கினார்கள். பெயிண்டில் தின்னர் கலந்திருந்தது. வெளிச்சத்துக்கு, கம்பிக்கூண்டுக்குள் குண்டு பல்பு போட்ட ஹேண்ட் லேம்ப், வீட்டுக்கு வருகிற அதே 230 வோல்ட்டில். கொக்கியிலிருந்து விளக்கு நழுவி விழுந்து பல்பு உடைந்தது. நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து போய்ச் சேர்ந்தார். காகிதத்தில் என்ன எழுதினார்கள் என்று உங்களுக்கே தெரியும்: தொழிலாளியின் கவனக்குறைவு.

டெபாசிட் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தேன். அக்கா திடீரென்று கேட்டார்: “தம்பி, வேற லைட்டு இருந்தா அவுரு பொழச்சிருப்பாருன்னு அங்க வேல செய்யற ஒருத்தரு சொன்னாரு. அந்த லைட்டு இன்னா வெல இருக்கும்?”

எனக்குத் தெரியவில்லை. பட்டப்படிப்பு படித்தவன், கவிதைத் தொகுப்பு போட்டவன், ஒரு விளக்கின் விலை தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குத் தொடங்கிய தேடல்தான் இந்தப் பேச்சு.

முதலில் அந்தத் தொட்டிக்குள் நடந்ததைப் புரிந்துகொள்வோம். தின்னரின் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே ஏறி வெளியே போகாது, அடியில் படியும், ஆள் நிற்கிற இடத்தில்தான் சேரும். குண்டு பல்பின் இழை ஏறத்தாழ 2,500 டிகிரி சூட்டில் ஒளிர்கிறது. அதற்கும் ஆவிக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய கண்ணாடி. அது உடைந்தால், இழை அணைவதற்கு முந்தைய அந்தக் கணம் போதும். கண்ணாடி உடையாவிட்டாலும் ஸ்விட்ச் போடும்போது ஒரு பொறி, ஒயர் இற்றுப்போன இடத்தில் ஒரு பொறி, பேட்டரி ஆடினால் ஒரு பொறி. நமக்குக் கண்ணுக்கே தெரியாத பொறிதான். வாயுவுக்கு அது போதும். சரி, எல்இடி வந்துவிட்டதே, இழை கிடையாதே என்பீர்கள். எல்இடி டார்ச்சிலும் ஸ்விட்ச் இருக்கு, பேட்டரி இருக்கு, சர்க்யூட் இருக்கு. செல்போன் டார்ச்சும் அப்படித்தான். இன்றைக்கு எத்தனை பேர் செல்போன் வெளிச்சத்தில் குழியை எட்டிப் பார்க்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

நம் ஆட்களிடம் இன்னொரு பழக்கம் இருக்கு. குழியின் மூடியைத் திறந்ததும் தீக்குச்சியைக் கிழித்துப் போடுவது, இல்லாவிட்டால் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவது. எரிந்தால் காற்று நல்ல காற்று, அணைந்தால் கெட்ட காற்று. அப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்தது. அறிவுக்கு வேறு கருவி தராதவர்களிடம் இருந்த ஒரே கருவி அது. அதைக் கேலி செய்ய எனக்கு மனசு வராது. ஆனால் கணக்கு என்ன சொல்லுது? நல்ல காற்றில் ஆக்சிஜன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனால் ஆள் இறங்கக் கூடாது. சுடர் அணைவதோ ஏறத்தாழ 16 சதவீதத்தில். ஆக, சுடர் எரிந்துகொண்டிருக்கும்போதே மனிதன் தடுமாற ஆரம்பித்திருப்பான். அடுத்து மீத்தேன். காற்றில் அது 5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை இருந்தால் அந்தத் தீக்குச்சியே வெடிக்கவைக்கும். மூன்றாவதுதான் கொடியது, ஹைட்ரஜன் சல்பைடு. மலக்குழியில் வருவது; தோல் பதனிடும் ஊர்களில் சுண்ணாம்புக் குழியின் சல்பைடு கழிவோடு அமிலக் கழிவு கலந்தால் பொங்கி வருவது. பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டினாலே மூக்கு மரத்துப்போகும், அழுகிய முட்டை நாற்றம் நின்றுவிடும், ‘வாசனை போயிடுச்சு, இறங்கலாம்’ என்று தோன்றும். 1,000 பங்கில் ஓரிரு மூச்சில் ஆள் சாய்வான். அது தீப்பிடிக்கவோ 40,000 பங்கு வேண்டும். நடுவிலே உள்ள அத்தனை தூரத்திலும் தீக்குச்சி அமைதியாக எரியும், மனிதன் விழுவான்.

அதனால் விளக்கிடம் காற்றைப் பற்றிக் கேட்கக் கூடாது. அதற்கு நாலு வாயு அளக்கிற மீட்டர் இருக்கிறது. மீட்டர் முதலில் இறங்கணும், அப்புறம் ஊதுகாற்று, அப்புறம்தான் விளக்கும் ஆளும். காற்று நன்றாயிருக்கு என்று மீட்டர் சொன்ன பிறகும் சரியான விளக்கு எதற்கு? சேற்றைக் கிளறினால் காற்று மாறும். பெயிண்ட் அடிக்க அடிக்க ஆவி ஏறும். மீட்டர் சொன்னது அந்த நிமிஷத்துக் காற்றை.

இந்த விளக்குக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. இங்கிலாந்தில் ஃபெல்லிங் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் 1812 மே மாதம் வெடித்தது. 92 பேர் செத்தார்கள், அதில் எத்தனையோ பேர் சிறுவர்கள். அதன் பிறகுதான் பெரிய மனிதர்கள் கவலைப்பட்டார்கள். 1815இல் ஹம்ஃப்ரி டேவி என்ற விஞ்ஞானி சுடரைச் சுற்றி நெருக்கமான கம்பிவலை போட்டு ஒரு விளக்கைச் செய்தார். வலை சூட்டை இழுத்துக்கொள்ளும், சுடர் வெளியே தாண்டாது. வாயு இருந்தால் சுடரின் தலையில் நீலமாக ஒரு தொப்பி தெரியும், அதைப் பார்த்து ஓடிவிடலாம். அதே வருஷம், எழுதப் படிக்கவே பதினெட்டு வயசில் கற்றுக்கொண்ட சுரங்கத் தொழிலாளி மகன் ஜார்ஜ் ஸ்டீபன்சனும் தனியாக ஒரு விளக்கைச் செய்தார். படிக்காதவன் எப்படிச் செய்திருப்பான் என்று அவரைத் திருடன் என்றார்கள். நமக்குப் பழக்கமான குரல்தான்.

சொல்ல வந்தது அதுவல்ல. நல்ல விளக்கு வந்துவிட்டதே, சாவு குறைந்ததா? குறையவில்லை. 1835இல் பிரிட்டிஷ் பாராளுமன்றக் குழு ஒன்று விசாரித்தபோது, விளக்கு வந்த பின்னால் சாவு கூடியிருப்பதாகத் தெரியவந்தது. வாயு அதிகம் என்று முன்னால் கைவிட்டிருந்த பகுதிகளை முதலாளிகள் மறுபடி திறந்தார்கள். ‘விளக்குதான் இருக்கே, இறங்கு’ என்றார்கள். காற்றோட்டத்துக்குச் செலவழிக்க வேண்டிய பணத்தை விளக்கு மிச்சப்படுத்திக் கொடுத்தது. சுரங்கத்தில் காற்று வேகமாக அடித்தால் சுடர் வலையைத் தாண்டும் என்பதும் பலர் செத்த பிறகே எல்லோருக்கும் உறைத்தது.

இந்தக் கதையை மறக்காதீர்கள். கடைசியில் இங்கே திரும்பி வருவோம்.

எங்கள் வீட்டில் ஒரு பித்தளைக் கார்பைடு விளக்கு இருக்கிறது. தாத்தாவின் அப்பா கோலார் தங்க வயலில் வேலை செய்தவர். வடஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஊர் ஊராக நம் சனம் போய் இறங்கிய சுரங்கம் அது, 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்த இடம், 2001இல் மூடப்பட்டது. மேல் பாதியில் தண்ணீர், கீழே கார்பைடு கல். சொட்டு விழ விழ அசிட்டிலீன் வாயு கிளம்பி, முனையில் வெள்ளையாக எரியும். தங்கச் சுரங்கத்தில் அது சோறு போட்ட விளக்கு. அதையே மீத்தேன் நிறைந்த நிலக்கரிச் சுரங்கத்துக்குள் கொண்டுபோனால் அத்தனை பேருக்கும் எமன். அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாக சபையில் தொழிலாளர் உறுப்பினராக இருந்தபோது 1943 டிசம்பரில் தன்பாத் போய் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பார்த்தாரே, அந்த மாதிரி இடம். விளக்கில் நல்லது கெட்டது என்று தனியாக இல்லை. எந்த இடம், என்ன வாயு, எவ்வளவு நேரம் அந்த வாயு இருக்கும் என்று கேட்காமல் விளக்கை எடுக்க முடியாது.

இனி சட்டம். 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தில் 1976இல் 36ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். தொட்டி, குழி, குழாய் போன்ற அடைபட்ட இடத்தில், தகுந்த பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கு கூடாது. தீப்பற்றும் வாயுவோ ஆவியோ தூளோ இருக்க வாய்ப்பிருந்தால், ஃபிளேம் புரூஃப் அமைப்பு இல்லாத எந்த விளக்கும் கூடாது. இரண்டு வாக்கியம். 2020இல் இந்தச் சட்டத்தோடு சேர்த்துப் பதின்மூன்று சட்டங்களை ஒரே தொகுப்பாக்கினார்கள். தொகுப்பில் எது தங்கியது, எது விதிகளுக்குத் தள்ளப்பட்டது என்று நம் வழக்கறிஞர் தோழர்கள் தனியே ஒரு கூட்டம் போடணும். நான் சொல்வது, இந்த அறிவு 1976லேயே சட்டப் புத்தகத்தில் அச்சாகி இருந்தது. அந்த அக்காவின் கணவருக்கு முதல் வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை.

முதல் வாக்கியத்தை மட்டும் படித்த சூப்பர்வைசர்கள் இருக்கிறார்கள், அவர்களிடமும் எச்சரிக்கையாக இருங்கள். ‘24 வோல்ட் கொடுத்துட்டோம் சார், சேஃப்டி’ என்பார்கள். 24 வோல்ட் ஷாக்கிலிருந்து காப்பாற்றும். ஈரத் தொட்டியில் அது பெரிய விஷயம்தான். வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் தொட்டிக்கு வெளியே இருந்தால். ஆனால் வெடிப்பிலிருந்து அது காப்பாற்றாது. 24 வோல்ட் ஒயர் அறுந்தாலும் பொறி பொறிதான். அதே மாதிரி ‘வாட்டர் புரூஃப்’. ஐபி 67 என்று போட்டிருந்தால் தூளும் தண்ணீரும் போகாது என்று அர்த்தம். வாயு போகாது என்றோ வெடிக்காது என்றோ அர்த்தம் இல்லை.

அப்படியானால் எதைப் பார்க்கணும்? விளக்கின் உடம்பில் பொறித்திருக்கும் ஒரு வரியை. எங்கள் காசோலையின் அடியில் எண்வரிசை இருக்கிற மாதிரி, பார்த்தால் ஒன்றும் புரியாது, கற்றுக்கொண்டால் எல்லாம் சொல்லும். மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

முதலில் ஈ, எக்ஸ் என்று இரண்டு ஆங்கில எழுத்து. வெடிக்கக்கூடிய காற்றுக்கென்று சோதிக்கப்பட்டது என்று பொருள். அடுத்து சின்ன எழுத்து. ‘டி’ என்றால் ஃபிளேம் புரூஃப்: உள்ளே வெடித்தாலும் பெட்டி தாங்கும், இடுக்கு வழியே வருகிற தழல் குளிர்ந்துதான் வெளியே வரும். டேவியின் வலைக்குப் பேரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஐஏ’, ‘ஐபி’ என்றால் உள்ளே ஓடுகிற மின்சாரமே வாயுவைப் பற்றவைக்கச் சக்தியில்லாத அளவுக்கு அடக்கப்பட்டது. ஐஏ-யில் இரண்டு கோளாறு ஒரே நேரத்தில் வந்தாலும் ஆபத்தில்லை, ஐபி-யில் ஒரு கோளாறு வரை. வாயு எந்நேரமும் தேங்கி நிற்கும் இடத்தை மண்டலம் 0 என்கிறார்கள், வேலை நேரத்தில் வந்துபோகும் இடம் 1, எப்போதோ தவறி வருகிற இடம் 2. மண்டலம் 0க்கு ஐஏ வேண்டும். வரியின் கடைசியில் ‘ஜி, ஏ’ என்று இருக்கும். தொட்டியின் உள்வயிறு பெரும்பாலும் 0 தான்.

பிறகு வாயுவின் குழு. ரோமன் எண் ஒன்று என்றால் வாயு உள்ள சுரங்கம். இரண்டு என்றால் தரைக்கு மேலுள்ள தொழிற்சாலை வாயுக்கள், அதற்குப் பக்கத்தில் ஏ, பி, சி என்று எழுத்து. ஏ-யில் புரொப்பேன், தின்னரில் உள்ள டொலுவீன். பி-யில் நம் ஹைட்ரஜன் சல்பைடு. சி-யில் ஹைட்ரஜனும் அசிட்டிலீனும், ஆமாம், எங்கள் பாட்டன் விளக்கில் எரிந்த அதே அசிட்டிலீன். சி-க்குத் தேறிய விளக்கு பி-க்கும் ஏ-க்கும் ஆகும்; ஏ-க்குத் தேறியதை பி-யில் இறக்கக் கூடாது. மூன்று என்றால் தூள்: மாவு, சர்க்கரை, மரத்தூள், அலுமினியத் தூள் அதில் கடைசி, கடினமான வகை. இதற்குப் பின்னால் ‘டி’யும் ஓர் எண்ணும். விளக்கின் மேல்தோல் எவ்வளவு சூடாகலாம் என்பது. டி1 என்றால் 450 டிகிரி வரை, டி3 என்றால் 200, டி4 135, டி6 85. ஹைட்ரஜன் சல்பைடு 260 டிகிரி வாக்கில் தானாகவே பற்றும், அதனால் டி3க்குக் குறைந்தது ஆகாது. எண் ஏற ஏறச் சூடு குறைவு.

சான்று எண்ணும் வேண்டும். நம் நாட்டில் தன்பாத்தில் உள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் சோதிக்கிறது. பெட்ரோலிய இடங்களுக்கு நாக்பூரைத் தலைமையாகக் கொண்ட பெசோ அங்கீகரிக்கணும். அட்டைப்பெட்டியில் ‘எக்ஸ்புளோஷன் புரூஃப்’ என்று பெரிதாக அச்சடித்து, விளக்கின் உடம்பில் ஒரு வரியும் இல்லாமல் விற்கிறார்கள். அதை நம்பாதீர்கள். சான்று எண்ணின் வாலில் தனியாக ஒரு ‘எக்ஸ்’ இருந்தால் நிபந்தனை இருக்கிறது என்று அர்த்தம், காகிதத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கணும்.

வாங்கிய பிறகும் விளக்கைக் கெடுக்கலாம். எழுதியிருக்கும் பேட்டரியைத் தவிர வேறு போட்டால் சான்று செல்லாது. பேட்டரி மாற்றுவதும் சார்ஜ் ஏற்றுவதும் வெளியே. கண்ணாடியில் கீறல் விழுந்தால் ஒதுக்கிவை. பிளாஸ்டிக் உடம்பைக் காய்ந்த துணியால் தேய்த்தால் நிலைமின்சாரம் ஏறும், ஈரத்துணியால் துடை. அலுமினிய உடம்பு துருப்பிடித்த இரும்பில் மோதினால் பொறி வரும், தொட்டிக்குள் அது வேண்டாம். ஏணியில் இறங்குகிறவனுக்கு இரண்டு கையும் வேண்டும், ஆகவே தலையில் மாட்டுகிற விளக்கு. கூட இன்னொன்று, ஒன்று அணைந்தால் இருட்டில் நிற்காமல் இருக்க.

இதையெல்லாம் யார் தேர்ந்தெடுக்கிறார்கள்? எங்கள் வங்கியில் தொழிற்சாலைக் கடனுக்கு வருகிற கொட்டேஷன்களைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்றேன்: பர்ச்சேஸ் பிரிவில் ஏசி அறையில் உட்கார்ந்திருப்பவர். மூன்று கொட்டேஷன், அதில் குறைந்த விலை. அவர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தேவைப் பட்டியலில் ‘டார்ச் லைட் - 4 எண்ணம்’ என்று வந்தால் அவர் இருநூறு ரூபாய் டார்ச்சைத்தான் வாங்குவார். ‘மண்டலம் 0, ஐஏ, ரோமன் இரண்டு சி, டி4, சான்று நகலுடன்’ என்று வந்தால் இருநூறு ரூபாய்க்காரன் கொட்டேஷனே போட முடியாது. அந்த ஒரு வரியை எழுதவைப்பதுதான் போராட்டம். சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் எழுதுங்கள், பாதுகாப்புக் குழுவில் எழுதுங்கள். பொறியியல் படிக்கிற நம் பிள்ளைகள் நாளைக்கு அந்த நாற்காலியில் உட்காரும்போது எழுதுங்கள். கான்ட்ராக்ட் ஆளுக்குக் கான்ட்ராக்ட்காரன் கொண்டுவந்த விளக்கு என்று நிர்வாகம் கை கழுவும். கேட்டைத் தாண்டி எந்த விளக்கு உள்ளே வந்தாலும் பரிசோதித்துத்தான் விடணும் என்று சொல்லுங்கள். வீட்டுப் பீடியையும் தீப்பெட்டியையும் கேட்டில் பிடுங்கத் தெரிகிறதே.

போனமுறை இதைப் பேசியபோது ஒரு மாணவத் தோழர் கோபமாகவே கேட்டார்: “நல்ல லைட்டு குடுத்து நம்ம ஆளையே எறக்கச் சொல்றீங்களா தோழர்?” நியாயமான கேள்வி. டேவியின் கதையை மறக்காதீர்கள் என்றது இதற்காகத்தான். மலக்குழிக்கும் பாதாளச் சாக்கடைக்கும் நான் விளக்குத் தேர்ந்தெடுத்துத் தர மாட்டேன். 2013ஆம் வருஷச் சட்டத்தின் விதிகளில் உள்ள கருவிப் பட்டியலில் வாயு மீட்டரோடு தலைவிளக்கும் இருக்கிறது. ஒரு நாளும் அந்த விளக்கு இறங்குவதற்கான அனுமதிச் சீட்டாக ஆகக் கூடாது. உச்சநீதிமன்றம் 2014இல் ஒரு சாவுக்கு 10 லட்சம் என்றது, 2023இல் 30 லட்சம் என்றது. தொகை ஏறுகிறது, மனிதன் இறங்குவது நிற்கவில்லை. அங்கே நம் கோரிக்கை இயந்திரம், மனிதன் அல்ல.

ஆனால் பெயிண்ட் அடிக்கிற தொட்டி, பாய்லர், கப்பல் அறை, எண்ணெய்த் தொட்டி, இவற்றில் நாளைக் காலையும் யாராவது இறங்கத்தான் போகிறார்கள். ஃபிட்டர், வெல்டர் எல்லாம் இருக்கிற ஆலையில் உள்ளே இறங்க மட்டும் ஏன் சேரியிலிருந்து ஆள் வருகிறது என்பது ஒரு கேள்வி. அதை விடாமல் கேட்போம். கேட்டு முடிக்கிற வரைக்கும் அவன் கையில் 230 வோல்ட் குண்டு பல்பு இருக்கட்டும் என்று என்னால் விட முடியவில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யணும். முதலில் ஆள் இல்லாமல் முடியுமா என்று கேள். முடியாதென்றால் மீட்டர், காற்று, கயிறு, மேலே காவலுக்கு ஓர் ஆள், எழுத்தில் அனுமதி. அதற்குப் பிறகு விளக்கு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி விளக்கை முன்னால் நீட்டுகிறவன் யாராக இருந்தாலும் சந்தேகப்படு.

அந்த அக்காவுக்குப் பதில் சொல்ல எனக்கு ஏழெட்டு மாசம் ஆச்சு. ஒரு கடைக்குப் போன் செய்து, அந்த வரியை எழுத்து எழுத்தாக ஒப்பித்து, தலைவிளக்கின் விலை கேட்டேன். நாலாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே சொன்னார்கள். அக்கா மாசா மாசம் வட்டி எடுக்க வருவார். அந்த எட்டு லட்சத்துக்கு மாச வட்டி நாலாயிரத்து முன்னூறு சொச்சம். விலையைச் சொன்னேன். அவர் பாஸ்புக்கில் பதிந்திருந்த தொகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “ஒரு மாச வட்டி” என்றார். அப்புறம், எங்கே கையெழுத்துப் போடணும் என்று கேட்டார்.